படகுக்குப் போர்த்திய சாக்குகள்

1979 ஆகஸ்ட் 24, வெள்ளிக்கிழமை. அப்பா வழக்கம்போல் விடியுமுன் எழுந்து உப்பினால் பல் தேய்த்தார். பற்பசையின் வாசம் வாயில் தங்கிவிடும் என்பதால் அது எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா தேங்காய் போட்டு ரொட்டி தட்டினாள், வெங்காயம் சேர்க்கவில்லை. அப்பா சாப்பிடாமல் ஸ்டோருக்குப் போனார். முந்திய நாள் செய்த தேயிலையை வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி, உறிஞ்சித் துப்பிப் பார்த்த பிறகுதான் அவர் வாயில் வேறு எதுவும் படும். ஏழு மணிக்குத் திரும்பி வந்து ரொட்டியைத் தின்றார். "நல்லா இருக்கு," என்றார். அவர் சொன்னது தேயிலையை. ரொட்டியைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை.

பதினோரு மணிக்குத் தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையின் ஜீப் ஸ்டோர் வாசலில் வந்து நின்றது. அந்த நேரத்தில் அது அங்கே வருவதில்லை. ஏன் வந்தது என்பதற்கு முன்னால் படகைப் பற்றியும் எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

என் வயதில் இருப்பவர்களுக்கு, அதிலும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, இதில் பாதி தெரிந்ததுதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதை நடத்துபவர் டீமேக்கர். தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் அப்பா டீமேக்கராக இருந்தார். ஊவாவில் ஆகஸ்ட் என்றால் கச்சான் காற்று. அந்த வறண்ட காற்றில் கொழுந்து சுருங்கும், அளவு குறையும், ஆனால் அந்தச் சில வாரத் தேயிலைக்கு மட்டும் தனி மணம் வரும். கொழும்பில் அதற்காகக் காத்திருப்பார்கள். டீமேக்கரின் பெயர் நிற்பதும் விழுவதும் அந்த வாரங்களில்தான். பெயர் விழுந்தால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். எங்களுக்கு வேறு வீடு இல்லை.

தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் வீட்டில் வாடையே இருக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஊதுபத்தி இல்லை. தலையில் பூ இல்லை. கருவாடு சமைத்தால் அடுத்த வீட்டில், கணக்கப்பிள்ளை வீட்டு அடுப்பில் சமைத்து, அங்கேயே தின்றுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வருவோம். சாமி படத்துக்கு விளக்கு மட்டும். மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும்போதுதான் வீட்டுக்கு என்று ஒரு வாசனை உண்டு என்பதை நான் அறிந்தேன்.

இந்த வீட்டுக்கு வாழ வந்த அம்மா பதுளை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். மல்லி, மிளகாய், பெருங்காயம், சாம்பிராணி மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவள். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் மல்லி ஈரம் பட்டதா என்று சொல்லுவாள் என்று மாமா சொல்லிச் சிரிப்பார். அப்பா அந்தக் கதைக்குச் சிரித்ததில்லை. தோட்டத்தில் மூக்கு என்றால் அது டீமேக்கரின் மூக்குதான்.

படகு பழைய வெள்ளைத் துரையுடையது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அவர் நாட்டை விட்டுப் போனார். படகை டர்பைன் குளத்துக் கரையில் விட்டுப் போனார். ஸ்டோர் இயந்திரங்களை முன்பு தண்ணீரால் ஓட்டினார்கள். அதற்காகத் தேக்கிய குளம் அது. படகு ஃபைபரால் ஆனது. வெளியே வெள்ளை, உள்ளே நீலம், அலுமினியப் பாய்மரம். கொட்டகையின் தகரம் காற்றில் பறந்து போனது. அதன்பின் பெய்த மழையெல்லாம் படகின் மேல்தான் பெய்தது.

புதிய பெரிய துரையின் மனைவி, நாங்கள் துரைசாணி என்று சொன்னவர், காலிக் கடற்கரையில் பிறந்தவர். அண்ணன்மாரோடு பாய்ப்படகு ஓட்டி வளர்ந்தவர். மலைக்கு வந்த பிறகு பங்களாவில் அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஜூலையில் ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகின் மேல்தளத்தில் ஏறி நின்றார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்தில் எது பழுதானாலும் ஸ்டோரில்தான் திருத்துவதற்கான ஆயுதம் இருக்கும். பள்ளி விடுமுறை என்பதால் நானும் போனேன்.

"டீமேக்கர், இங்கே நின்னா உள்ளே போகுது. மெத்தை மாதிரி."

"பலகை உளுத்திருக்கும் மேடம்."

"பலகை இல்லை. மேலே ஒரு தட்டு ஃபைபர், கீழே ஒரு தட்டு, நடுவிலே லேசான மரம். கிரீம் பிஸ்கட் மாதிரி. நடுவிலே தண்ணி போயிட்டுது. மூணும் பிரிஞ்சு போச்சு."

அவர் ஒரு ரூபாய் நாணயக் குற்றியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் டக் என்று கேட்டது. பிரிந்த இடத்தில் சத்தம் மழுங்கிப் பொத் என்று கேட்டது. எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கே நான் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குற்றியைக் கேட்டு வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். தேயிலையை உறிஞ்சும்போது மட்டும்தான் அவர் கண்ணை மூடுவார். கோடு பாய்மரத்தின் அடியில் தொடங்கி ஒரு பக்கமாகப் பரவியது. பாய்மரத்தை நிறுத்திய திருகாணிகளின் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

தோட்டத்துத் தச்சர், எல்லோரும் பாஸ் என்பார்கள், மெல்லிய வாளால் கோட்டை ஒட்டி மேல்தட்டை அறுத்து மூடி போலத் தூக்கி எடுத்தார். கீழே மரம் கறுத்து, வடிகட்டிய தேயிலைச் சக்கை போல இருந்தது. அதைச் சுரண்டி எடுத்தார்கள். ஓரத்தில் இருந்த மரத்தில் ஒரு துண்டை அப்பா கைக்குள் இறுக்கிப் பிடித்துவிட்டு விரித்துப் பார்த்தார். வாடிய கொழுந்தை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"இன்னும் பச்சையா இருக்கு," என்றார்.

துரைசாணி சத்தமாகச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பா வெளியாள் முன்னால் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நடுவில் வைக்க வேண்டிய லேசான மரம் நாட்டில் கிடைக்கவில்லை. பாஸ்தான் வழி சொன்னார். "தேயிலைப் பெட்டிப் பலகை இருக்குதுங்களே. உள்ளே ஒட்டின ஈயத்தாளை உரிச்சிட்டு, சின்னச் சின்னச் சதுரமா வெட்டி வச்சா வளைவுக்கு வளைஞ்சு குடுக்கும்." அப்படியே வெட்டினார்கள். சில சதுரங்களில் தோட்டத்தின் பெயரில் ஓர் எழுத்தோ பாதி எழுத்தோ கறுப்பாக இருந்தது.

பிசினும் கண்ணாடி நார்ப் பாயும் கொழும்பிலிருந்து ரயிலில் தெமோதரைக்கு வந்தன. பெரிய டின்னில் பிசின். அதை இறுக வைக்கும் மருந்து சிறிய போத்தலில். கலந்து பூசினார்கள். கடற்கரையில் அது ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும் என்றார் துரைசாணி. எங்கள் குளிரில் இரண்டு நாள் ஆகியும் பலாப்பால் போல விரலில் ஒட்டியது.

அப்போதுதான் அப்பா சொன்னார்: "சூடு வேணும்னா என்கிட்ட இருக்கு மேடம். ஆனா ஸ்டோருக்குள்ள வேணாம்."

அவர் கவனமாகத்தான் இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. ஸ்டோருக்கு வெளியே, தேயிலை காய வைக்கும் அடுப்பின் சுவரை ஒட்டி ஒரு விறகுக் கொட்டகை இருந்தது. அந்தச் சுவர் எப்போதும் சுடும். விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்து, காற்று கொட்டகையிலிருந்து பள்ளத்தாக்குப் பக்கமாகத்தான் போகிறது என்று பார்த்தார். அதன் பிறகுதான் ஆட்களை விட்டுப் படகைத் தூக்கி வரச் சொன்னார். காற்று சூட்டைக் கொண்டு போகாமல் இருக்கப் படகின் மேல் எதையாவது போர்த்த வேண்டியிருந்தது. பழைய கொழுந்துச் சாக்குகளைப் போர்த்தினார்கள். மலையிலிருந்து கொழுந்து வருவது அந்தச் சாக்குகளில்தான்.

தோட்டம் முழுவதும் இதே பேச்சு. வேலை முடிந்து போகிறவர்கள் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனார்கள். கங்காணி ஒருவர் வாசலில் நின்று கேட்டார்.

"என்னங்கையா, கப்பலை வாட்டுறீங்களா? வாட்டி, அரைச்சு, சலிச்சு அப்படியே கொழும்புக்கு அனுப்பிருங்க."

"இரு, மொதல்ல ஒன் மீசையை வாட்டி அனுப்புறேன்," என்றார் அப்பா.

நான்கு மாலைகள் அப்பா அங்கே இருந்தார். நார்ப் பாயை விரித்து, பிசினைப் பூசி, காற்றுக் குமிழிகளைத் தூரிகையால் அழுத்தி வெளியேற்றினார். துரைசாணி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். பிசினின் வாடை இனிப்பாகத் தொடங்கி நெற்றிக்குள் ஏறும். முதல் நாள் அப்பா கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் கட்டவில்லை. "வாடை போயிருச்சு," என்றார். எனக்குக் கண் எரிந்தது. விறகுக் கொட்டகைக்குப் போவதற்கு அவர் அந்த நான்கு நாளும் இஸ்திரி போட்ட சட்டை கேட்டார். அம்மா போட்டுக் கொடுத்தாள்.

தளம் இறுகிய பிறகு சாக்குகளை ஆற்றில் துவைத்து, புல்லில் விரித்து, கச்சான் காற்றில் உலர்த்தினார்கள். புதுச் சாக்கு வர நாளாகும், கொழுந்து காத்திருக்காது. அப்பா ஒவ்வொரு சாக்காக முகத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று மடித்து அடுக்கச் சொன்னார். அவருக்கு வெந்நீர் கொண்டு வந்த அம்மா குனிந்து ஒரு சாக்கை எடுத்தாள்.

"இதுல இன்னும் இருக்குதுங்க."

"என்ன இருக்கு?"

"அந்தப் பிசின் வாடைதான். சாக்கு ஒண்ணையும் விடாதுங்க. எங்க கடையில மண்ணெண்ணெய் பட்ட சாக்கை அடுப்புலதான் போடுவாங்க."

"இது பலசரக்குக் கடை இல்ல. ஸ்டோரு."

"ஸ்டோருன்னாலும் சாக்கு சாக்குதானேங்க."

அப்பா சுற்றிலும் பார்த்தார். ஆட்கள் தள்ளி நின்றார்கள். குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "ஒனக்கு நான் அங்க போறது புடிக்கல. அதை நேரா சொல்லு. சாக்கு மேல ஏன் போடுற?"

அம்மா சாக்கை நான்காக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "சரிங்க," என்றாள்.

அவளுக்கு அது பிடிக்காமல் இருந்தது உண்மை என்றுதான் இன்று நினைக்கிறேன். சாக்கில் வாடை இருந்ததும் உண்மை. அப்பா முதலாவதைக் கேட்டுக்கொண்டார். அதனால் இரண்டாவது அவர் காதில் விழவில்லை. அம்மாவும் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. சாக்குகள் மலைக்குப் போயின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகைக் குளத்தில் இறக்கினார்கள். துரைசாணி புதிய தளத்தில் ஏறி நின்று இரண்டு முறை குதித்தார். அசையவில்லை. "கல்லு மாதிரி, டீமேக்கர்!" என்று கத்தினார். அப்பாவையும் ஏறச் சொன்னார். அப்பா பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குளத்தை ஒரு சுற்று வந்தார். கரையெல்லாம் ஆட்கள். கணக்கப்பிள்ளையின் மனைவி அம்மாவிடம், "ஒங்க வீட்டுக்காரர் கப்பல்காரராயிட்டாரு," என்றாள்.

"கவுந்திருந்தா கப்பல்காரர் நீந்துறதையும் பாத்திருக்கலாம்," என்றாள் அம்மா. இருவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நான் அப்பாவுக்கு வெந்நீர்ச் செம்பு கொண்டு போயிருந்தேன். பெரிய துரை ஜீப்பிலிருந்து இறங்கி நேராகச் சுவைக்கும் மேசைக்கு வந்தார்.

"டீமேக்கர், கொழும்பிலிருந்து போன். நம்ம தேயிலையிலே வாடை இருக்காம். கடைசியா அனுப்பினது ஒண்ணையும் எடுக்க மாட்டாங்க."

"என்ன வாடைங்க துரை?"

"பெயிண்ட் மாதிரின்னு சொல்றாங்க."

அப்பா கோப்பைகளை வரிசையாக வைத்து ஊற்றினார். ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பினார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். "ஒண்ணும் இல்லைங்களே," என்றார். துரை ஒரே ஒரு கோப்பையை உறிஞ்சினார். அப்பாவையே பார்த்தார். "இருக்கு, டீமேக்கர்," என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் லாரி டிரைவரைக் கூப்பிட்டார்கள். தேயிலைப் பெட்டியோடு பெயிண்ட் டின் ஏற்றினானா என்று கேட்டார்கள்.

"பெயிண்ட்டுங்களா? என் லாரியைப் பாருங்க துரை. பெயிண்ட் பட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு அதுவே சொல்லும்."

யாரும் சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். துரை ஜீப்பில் ஏறும்போது அப்பாவிடம் சொன்னார்: "நாளைக்குப் பின்னேரம் ஹெட் ஆபீஸ் ஆள் வர்றார். வாடை எங்கேயிருந்து வந்ததுன்னு அதுக்குள்ளே சொல்லணும். இல்லைன்னா உங்களை இங்கே வச்சிருக்க என்னாலே முடியாது."

அன்று பகல் முழுவதும் அப்பா தேடினார். இயந்திர எண்ணெய், பெட்டிப் பலகை, கூரை, தண்ணீர்க் காண் எல்லாம் பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தார். அம்மா வைத்த சோற்றைத் தொடவில்லை.

"நாலு கோப்பையையும் மாத்தி மாத்திக் குடிச்சுப் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார்.

அம்மா உள்ளே போனாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு சிறிய தகரடப்பியை எடுத்தாள். மூடியைச் சுற்றி மெழுகு வைத்திருந்தது. அதைக் கத்தியால் சுரண்டினாள்.

"கண்ணை மூடுங்க."

அப்பா மூடினார். அம்மா டப்பியைத் திறந்து அவர் மூக்கின் கீழே பிடித்தாள். வாசலில் நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பெருங்காயம். கட்டிப் பெருங்காயம், அவளுடைய அப்பா கடையிலிருந்து வந்தது. அந்த வீட்டில் அந்த வாசனையை நான் அதுவரை அறிந்ததே இல்லை.

"என்னன்னு சொல்லுங்க."

அப்பா மூச்சை இழுத்தார். இன்னும் இழுத்தார். நெற்றி சுருங்கியது.

"தண்ணியா?" என்றார்.

அவர் கண்ணைத் திறந்து டப்பிக்குள் பார்த்தார். அதை வாங்கி மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பிறகு மடியில் வைத்தார்.

"இது எப்போ வந்துச்சு வீட்டுக்கு?"

"நான் வந்தப்போ வந்துச்சு."

"இத்தனை வருஷமா அரிசிப் பானையிலயா?"

"மெழுகு வச்சிருந்தேன்ல."

அப்பாவின் முகத்தில் சிரிப்பு வருவது போல இருந்தது, வரவில்லை. அவளைப் பார்க்காமல், "சாக்கா?" என்று கேட்டார்.

"சாக்குதாங்க."

அன்றைக்கே சொன்னேனே என்று அம்மா சொல்லவில்லை. டப்பியை மூடினாள், மெழுகு வைக்கவில்லை. அடுப்பு மேடையில் உப்புச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அது பிறகு அங்கேயே இருந்தது.

பின்னால் நடந்தவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். சாக்கு என்று அப்பா துரையிடம் சொன்னார். படகு துரைசாணியுடையது என்பதால் துரை ஹெட் ஆபீஸ் ஆளிடம் அந்தப் பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். வேலை தப்பியது; அந்த வருடப் பெயர் போனதுதான். டிரைவருக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மூக்கைப் பற்றி அப்பா ஒருவரிடமும் சொல்லவில்லை. மார்கழியில் திரும்பி வந்துவிட்டது என்று எங்களிடம் சொன்னார். அம்மா அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. படகு ஒரு தடவை பொத்துவில் கடலுக்கு லாரியில் போய் வந்தது. அடுத்த வருடம் துரைக்கு மாற்றல் வந்தபோது அவர்களோடு போய்விட்டது. தளம் கடைசிவரை அசையவில்லை என்று கேள்வி. எங்கள் தோட்டத்தின் பெயர் துண்டு துண்டாக அதற்குள் இருக்கிறது, படகு எங்காவது இருந்தால்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் முன்பே அம்மா பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினாள். பொட்டு வைக்கவில்லை. மஞ்சள் பூசவில்லை. தலைக்கு எண்ணெய் தடவவில்லை. அப்பா லாந்தரைத் தூக்கிக்கொண்டார். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மூவரும் நடந்தோம். சாக்குகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. எந்தச் சாக்கு படகின் மேல் கிடந்தது, எது கிடக்கவில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அவ்வளவு நாளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன.

பெரட்டுக்குப் போகும் வழியில் கங்காணி நின்று பார்த்தார். "என்னங்கையா, அம்மா இங்க?"

"லாந்தரைப் புடி," என்றார் அப்பா.

கங்காணி வாங்கிப் பிடித்தார். அப்பா சாக்குகளை ஒவ்வொன்றாக உதறி எடுத்து நீட்டினார். அம்மா அதை முகத்தோடு வைத்து, மூச்சை இழுத்து, திருப்பிக் கொடுத்தாள். "ஆகும்" என்றால் வலது பக்கம், "ஆகாது" என்றால் இடது பக்கம். அவள் சொன்ன பக்கத்தில் அப்பா போட்டார்.